வீட்டை எத்தனை அடி தூக்குவது? ஃபெஞ்சல் மழை திரும்ப வருமா?

#1 ரெயின்போ_நகர்_பள்ளம் (புதுச்சேரி)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு ரெயின்போ நகரில், அப்பா கட்டியது. கட்டும்போது தெருவைவிட இரண்டு படி உயரம். ரோட்டின் மேல் ரோடாகப் போட்டுப் போட்டு இப்போது வீட்டுக்குள் போக ஒரு படி இறங்க வேண்டும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது கூடத்தில் இடுப்பளவு தண்ணீர். பிரிட்ஜ் மிதந்து போய் பூஜை அறை வாசலில் குறுக்கே நின்றுவிட்டது. சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை என் மனைவி பென்சிலால் குறித்து வைத்திருக்கிறாள். 2 அடி 10 அங்குலம்.

இப்போது ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிறவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். 3 அடிக்கு ஒரு விலை, 4 அடிக்கு ஒரு விலை. மச்சான் சொல்கிறான்: "அது நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற மழை. வந்துவிட்டது, இனி உன் காலத்தில் வராது. காசைக் கொட்டாதே." பிளஸ் டூ படிக்கும் மகள், பூமி சூடாகிக்கொண்டே போகிறது, இனிமேல் வருஷா வருஷம் வரும் என்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் தினமும் இதே சண்டை. யார் சொல்வது சரி?

#2 பாகூரான்

வருஷா வருஷம் வருவதானால் ஜாக்கி எதற்கு, ஒரு படகு வாங்கிப் போடுங்கள். தேவனாம்பட்டினத்தில் பழைய படகு சகாயமாகக் கிடைக்கும். சும்மா சொன்னேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் பக்கமும் நாற்றெல்லாம் போயிற்று.

#3 மழைமானி (கடலூர் முதுநகர்)

அண்ணே, இரண்டு பேர் சொல்வதும் தப்பு. ஆனால் மச்சான் செய்யும் தப்பு ஆபத்தான தப்பு.

அன்றைக்கு என்ன பெய்தது என்று முதலில் பார்ப்போம். புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 செ.மீ.க்கு மேல். அதற்கு முன் ஒரே நாளில் அதிகம் பெய்தது 2004 அக்டோபர் 31இல், 21 செ.மீ. பழைய சாதனையைக் கொஞ்சம் தாண்டவில்லை, அதை இரண்டால் பெருக்கி மேலும் கொஞ்சம் சேர்த்திருக்கிறது. வானிலைத் துறை 20 செ.மீ.யைத் தாண்டினாலே 'அதி கனமழை' என்று பெயர் வைத்துவிடுகிறது.

ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். 1200 சதுர அடி மொட்டை மாடியில் அன்று விழுந்தது 53 ஆயிரம் லிட்டருக்கும் மேல். புதுச்சேரிப் பகுதி முழுக்க, பாகூர், வில்லியனூர் எல்லாம் சேர்த்து சுமார் 293 சதுர கி.மீ. எல்லா இடத்திலும் 48 பெய்ததாக வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 5 டி.எம்.சி. நம் வீராணம் ஏரியின் முழுக் கொள்ளளவு 1.465 டி.எம்.சி. அதாவது மூன்று வீராணத்தை ஒரே நாளில் ஊர் மேல் கவிழ்த்த மாதிரி.

ஏன் இவ்வளவு? புயல் கரையைக் கடந்த பிறகு நகரவில்லை. புயலைத் தள்ளிக்கொண்டு போகும் மேல்காற்று பலமாக இல்லாததால், மணிக்கணக்கில் உங்கள் தலைக்கு மேலேயே உட்கார்ந்துவிட்டது. 2011 டிசம்பர் 30இல் 'தானே' புயல் வந்ததே, அது காற்றுப் புயல். மரத்தையெல்லாம் சாய்த்துவிட்டு வேலையை முடித்துக்கொண்டு போனது. இது வந்து குடியிருந்த புயல்.

#4 முந்திரித்தோப்பு (பண்ருட்டி)

நல்லா கேட்டீங்க. புயல் நகராமல் நின்றதால் மழை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்புறம் பூமி சூடாவது எங்கே வந்தது?

இப்போதெல்லாம் தூறல் போட்டாலும் பருவநிலை மாற்றம் என்கிறார்கள். 2015 நவம்பர் 9இல் நெய்வேலியில் ஒரே நாளில் 48 செ.மீ. பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடை வந்து வீட்டோடு ஆட்களை அடித்துக்கொண்டு போனதை நேரில் பார்த்தவன் நான். அந்த ஓடை பழைய ஓடை, அதன் வழியில் வீடு கட்டியது நாம். ரெயின்போ நகர் மட்டும் என்னவாம்? நீர் போகிற பள்ளத்தில் மனை போட்டு வானவில் என்று பெயர் வைத்தால் ஆயிற்றா? பழியைத் தூக்கி வானத்தின் மேல் போட்டுவிட்டால் கீழே யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. 2015 டிசம்பர் 1 சென்னை மழையை விஞ்ஞானிகளே ஆராய்ந்து, அதில் பூமி சூடானதின் கைவரிசை தெரியவில்லை என்று எழுதினார்கள். அதை யாரும் எடுத்துப் போடுவதில்லை.

#5 ஓய்வு_வாத்தியார் (திருப்பாதிரிப்புலியூர்)

முந்திரித்தோப்பு தம்பி கேட்பது நியாயமான கேள்வி. மழைமானி தம்பி பதில் சொல்லட்டும். அதற்கு முன்னால் அடிப்படையை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், முப்பது வருடம் இயற்பியல் நடத்திய பழக்கம்.

ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பின் வெளிப்புறம் வியர்க்கிறதல்லவா? குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஆவியை வைத்திருக்க முடியவில்லை, விட்டுவிடுகிறது. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றில் அதிகபட்சம் 17 கிராம் ஆவி இருக்கலாம். 30 டிகிரியில் 30 கிராம். பத்து டிகிரிக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. கூட்டு வட்டி போல, ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 7 சதவீதம் கூடிக்கொண்டே போகும். 1834இல் கிளாபெய்ரான் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் நீராவி இயந்திரத்துக்காகப் போட்ட கணக்கு, பிறகு ஜெர்மனியின் கிளாசியஸ் சரிசெய்தது. புயலுக்கும் அதே கணக்குதான்.

இட்லிப் பானையைத் திறக்கும்போது ஆவி கையில் பட்டால் வெந்நீரைவிட மோசமாகச் சுடும். தோலில் பட்டு ஆவி நீராக மாறும்போது தன்னிடம் உள்ள வெப்பத்தை நம் கையில் இறக்கிவைத்துவிடுகிறது. மேகத்துக்குள்ளும் அதுதான். அந்த வெப்பம் மேகத்தை இன்னும் மேலே தள்ளும், அது கீழேயிருந்து இன்னும் ஈரத்தை இழுக்கும். அதனால் சில இடங்களில் கொஞ்ச நேரத்தில் கொட்டும் மழை 7 சதவீதத்தையும் தாண்டிப் போகிறது. நெதர்லாந்தில் ஒரு ஊரின் மணிவாரி மழைப் பதிவை 2008இல் ஆராய்ந்தபோது, டிகிரிக்கு 14 சதவீதம் வரை தெரிந்தது.

#6 மழைமானி (கடலூர் முதுநகர்)

முந்திரித்தோப்பு அண்ணே, அந்த ஆய்வு உண்மைதான், நானும் படித்திருக்கிறேன். ஆனால் அதில் அடுத்த வரியும் இருக்கிறது. கைரேகை தெரியாததற்குக் காரணமாக அவர்கள் நினைப்பது நம் ஊர்ப் புகையும் தூசியும். அவை வெயிலை மறைத்து, சூடாவதை இதுவரை ஈடுகட்டி வைத்திருக்கலாம் என்றார்கள். வங்கக் கடலின் மேற்குப் பகுதி அதுவரை சொல்லும்படியாகச் சூடாகவில்லை என்பதையும் சுட்டினார்கள். புகை ஒரு வாரத்தில் படிந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு பல தலைமுறை இருக்கும். காற்றைச் சுத்தம் செய்யச் செய்ய இந்தக் குடை மடங்கும். செய்யாமல் இருக்கவும் முடியாது, குழந்தைகள் மூச்சுவிட வேண்டுமே.

சரி, இப்போது நேர்மையாகக் கணக்குப் போடுவோம். 1951 முதல் 2015க்குள் வெப்பமண்டல இந்தியப் பெருங்கடல் சராசரியாக 1 டிகிரி சூடாகியிருக்கிறது. 1 டிகிரிக்கு 7 சதவீதம் என்றால், ஃபெஞ்சலின் 48இல் 3 செ.மீ. மட்டும்தான் சூட்டின் பங்கு. நம் கரையோரக் கடல் அவ்வளவு சூடாகவில்லை என்றால் 3 கூட இல்லை. மீதி 45ம் புயல் உட்கார்ந்ததால் வந்தது. 21க்கும் 48க்கும் உள்ள வித்தியாசம் முழுவதையும் பருவநிலை மாற்றத்தின் தலையில் கட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்குத் தெரியவில்லை.

ஆனால் அந்த 3 எங்கே வந்து விழுகிறது என்று பாருங்கள். பேச்சுக்கு, ரெயின்போ நகரும் அதைச் சுற்றியுள்ள மேட்டுப் பகுதியும் சேர்ந்து ஒரு நாளில் 40 செ.மீ. வரை பெரிய வாய்க்கால் வழியாகக் கடலுக்கு அனுப்பிவிடும் என்று வைத்துக்கொள்வோம். (அனுப்பாது. கணக்குக்காகச் சொல்கிறேன்.) 45 பெய்தால் மிச்சம் 5. 48 பெய்தால் மிச்சம் 8. மேடும் பள்ளமும் சேர்ந்து பள்ளத்தைப் போல் பத்து மடங்கு பரப்பு என்றால், அந்த மிச்சமெல்லாம் ஓடிவந்து பள்ளத்தில் 50 செ.மீ. நிற்க வேண்டியது 80 செ.மீ. நிற்கும். அக்கா பென்சிலால் போட்ட கோடு கிட்டத்தட்ட 86 செ.மீ.

மழையில் கூடியது 3 செ.மீ. கூடத்தில் கூடியது ஒரு அடி. கட்டிலுக்குக் கீழே நிற்கும் தண்ணீருக்கும் மெத்தையை நனைக்கும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு அடிதான்.

அண்ணே, நீங்கள் சொல்கிற ஓடை ஆக்கிரமிப்பும் இதே கணக்குக்குள்தான் வருகிறது. வாய்க்காலை அடைத்தால் அந்த 40 என்பது 30 ஆகிறது. சூடானால் 45 என்பது 48 ஆகிறது. இரண்டும் ஒரே மிச்சத்தில்தான் போய்ச் சேருகின்றன. ஒன்றைச் சொன்னால் இன்னொன்று பொய் என்று ஆகாது.

#7 முந்திரித்தோப்பு (பண்ருட்டி)

இதை ஒத்துக்கொள்கிறேன். யாரும் இப்படிக் கழித்துக் காட்டியதில்லை. ஆனாலும் முதல் வேலை வாய்க்காலைத் தூர் வாருவதுதான். அதற்கு ஐ.நா. சபை கூட வேண்டியதில்லை.

#8 உப்பங்காற்று (தேவனாம்பட்டினம்)

நீங்கள் எல்லோரும் வானத்தையும் வாய்க்காலையும் பேசுகிறீர்கள். கடலை யாரும் பேசவில்லை. புயல் நாளில் முகத்துவாரத்தில் நின்று பார்த்தால் தெரியும், கடல் தண்ணீரை வாங்காது. அலையும் ஏற்றமும் சேர்ந்து உப்பனாற்றை உள்ளே தள்ளும். கெடிலத்துத் தண்ணீர் மேலே இருந்து வரும், இது கீழே இருந்து வரும், நடுவில் நம் தெரு. ஓதம் இறங்கினால்தான் தண்ணீர் வடியும், அதுவரை எத்தனை மோட்டார் வைத்தாலும் வீண். கடல் மட்டமும் நூறு வருஷத்தில் உலக சராசரிக்கு 20 செ.மீ. ஏறியிருக்கிறதாம். சாலையில் போகிறவர்களுக்கு அது ஒன்றுமில்லை, உப்பனாற்றுக்கு அது பெரிய மேடு.

#9 ரெயின்போ_நகர்_பள்ளம் (புதுச்சேரி)

அப்பாவின் போனிலிருந்து மகள் எழுதுகிறேன். வருஷா வருஷம் என்று நான் சொன்னது கொஞ்சம் அதிகம்தான், வாபஸ். ஒரு சந்தேகம் சார். ஆவி டிகிரிக்கு 7 சதவீதம் கூடினால் மொத்த மழையும் 7 சதவீதம் கூட வேண்டும் அல்லவா? ஆனால் உலகத்தின் மொத்த மழை டிகிரிக்கு 1 முதல் 3 சதவீதம்தான் கூடுமாம். மிச்சம் எங்கே போகிறது?

#10 ஓய்வு_வாத்தியார் (திருப்பாதிரிப்புலியூர்)

பலே. இதைக் கேட்க என் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்ததில்லை.

இட்லிப் பானைக்கே திரும்புவோம். மழை பெய்யும் ஒவ்வொரு முறையும் மேகம் வெப்பத்தை வெளியே விடுகிறது. அந்த வெப்பம் காற்றிலிருந்து விண்வெளிக்குப் போய்த் தீர வேண்டும். அது போகும் வேகம் கொஞ்சம்தான் கூடுகிறது. ஆகவே உலகம் முழுக்கச் சேர்த்து மழையும் கொஞ்சம்தான் கூட முடியும்.

மொட்டை மாடித் தொட்டியை 7 சதவீதம் பெரிதாகக் கட்டிவிட்டாய். ஆனால் நிரப்புகிற குழாயில் 2 சதவீதம்தான் கூடுதலாக வருகிறது. தொட்டி நிரம்ப முன்பைவிட அதிக நேரம் ஆகும். நிரம்பித் திறந்துவிட்டால் முன்பைவிட அதிகமாகக் கொட்டும். கொட்டும் நாளில் அதிகம், இரண்டு கொட்டலுக்கு நடுவே இடைவெளியும் அதிகம். வெள்ளமும் வறட்சியும் ஒரே ஊரில், சில சமயம் ஒரே வருடத்தில் வருவதற்கு இது ஒரு காரணம்.

#11 பாகூரான்

வாத்தியார் ஐயா சொல்வதை என் தாத்தா வேறு மாதிரி சொல்வார். ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை. அடைமழை என்றால் நாலு நாள், அஞ்சு நாள் விடாமல் நசநசவென்று பெய்வது. துணி காயாது, விறகு எரியாது, ஆனால் வயல் குடித்துக்கொண்டே இருக்கும், ஏரி மெதுவாக ஏறும். எனக்கு நினைவு தெரிந்து அந்த மழை குறைந்துகொண்டே வருகிறது. 2021 பிப்ரவரியில் ஒரே நாளில் 19 செ.மீ. கொட்டியது ஞாபகம் இருக்கிறதா? மாசி மாதம்! அறுவடை நேரத்தில் வந்து எல்லாவற்றையும் படுக்கப் போட்டுவிட்டுப் போனது. மொத்தக் கணக்கில் அதுவும் நல்ல மழைதான். கணக்குப் புத்தகத்தில் நல்ல மழை.

#12 மழைமானி (கடலூர் முதுநகர்)

அண்ணே, உங்கள் தாத்தா சொன்னதற்குச் சான்று உண்டு, ஆனால் நம் பருவமழையில் அல்ல. மத்திய இந்தியாவின் தென்மேற்குப் பருவமழையை 1951 முதல் 2000 வரை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். மிதமான மழை நாட்கள் குறைந்தன, கனமழை கூடியது, மொத்தம் பெரிதாக மாறவில்லை. 2017இல் வந்த இன்னொரு ஆய்வு, அதே பகுதியில் 1950க்குப் பிறகு பரவலான அதீத மழை மூன்று மடங்கானதாகச் சொன்னது. நமது வடகிழக்குப் பருவமழை வேறு ஜாதி. ஒன்றிரண்டு தாழ்வு மண்டலம் வந்தால் வெள்ளம், வராவிட்டால் பஞ்சம். ஒரு வருடத்துக்கும் அடுத்த வருடத்துக்கும் அவ்வளவு ஏற்ற இறக்கம் இருப்பதால் மாற்றம் தெளிவாகத் தெரிய நாளாகும். மத்திய இந்தியாவின் கணக்கை அப்படியே தூக்கிக் கடலூருக்கு ஒட்டுவது சரியில்லை.

#13 கண்டரக்கோட்டை_கரை

ஐயா, எங்கள் ஊர்க்காரர்களுக்கும் ஒரு வரி. எங்களுக்குப் புயலன்று வெள்ளம் வரவில்லை. மழை விட்ட பிறகு வந்தது. அதே புயலின் மிச்சம் மெதுவாக உள்ளே போய் ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டி, சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி வரை வந்ததே. அந்த வேகத்தில் வீராணம் இரண்டரை மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். வானம் வெளுத்திருந்தது, கரும்பு முழுகியிருந்தது. யார் எப்போது திறந்து, யாருக்கு எப்போது சொன்

#14 நிர்வாகி

மேலே உள்ள பதிவின் கடைசிப் பகுதி நீக்கப்பட்டது. அணைத் திறப்புச் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே 400 பதிவுகள் தாண்டிவிட்டன. இங்கே மழை மட்டும்.

#15 ரெயின்போ_நகர்_பள்ளம் (புதுச்சேரி)

அப்பா பேசுகிறேன். எல்லாம் புரிகிறது. ஆனால் மச்சானின் 'நூறு வருஷத்துக்கு ஒரு தடவை' என்பதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லையே? அவன் ஆபத்தான தப்பு செய்கிறான் என்றீர்களே, அது என்ன?

#16 மழைமானி (கடலூர் முதுநகர்)

மன்னிக்கணும், பேச்சு எங்கேயோ போய்விட்டது.

நூறு வருட மழை என்றால் ஒரு தடவை வந்துவிட்டு 99 வருடம் லீவு போடும் மழை அல்ல. ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு. போன வருடம் வந்ததா இல்லையா என்பது வானத்துக்கு ஞாபகம் இருக்காது. நீங்கள் இன்னும் 30 வருடம் அந்த வீட்டில் இருந்தால், அதற்குள் ஒரு தடவையாவது வருவதற்கு 26 சதவீதம் வாய்ப்பு. நாலில் ஒன்று. நாலில் ஒரு பங்கு விபத்து நடக்கும் என்றால் மச்சான் அந்தப் பேருந்தில் ஏறுவாரா?

அதுவும் வாய்ப்பு மாறாமல் இருந்தால்தான் அந்த 26. ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2021 அறிக்கையில், முன்பு பத்து வருடத்துக்கு ஒரு தடவை வந்த கனமழை நாள், உலகம் 1 டிகிரி சூடான நிலையில் அதே பத்து வருடத்தில் 1.3 தடவை வருகிறது என்று சொன்னது. 2 டிகிரியில் 1.7 தடவை, 4 டிகிரியில் 2.7 தடவை. அது உலக நிலப்பரப்புக்கான சராசரி, ரெயின்போ நகருக்கான ஜாதகம் அல்ல. ஆனால் எவ்வளவு அபூர்வமான மழையோ, அந்த அளவுக்கு அதன் வாய்ப்பு வேகமாக ஏறுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். நூறு வருட மழை என்று பெயர் வைத்தது பழைய பதிவேட்டைப் பார்த்து. அந்தப் பதிவேடு எழுதப்பட்ட கடல் இப்போது இல்லை.

இன்னொரு ஏமாற்றமும் இருக்கிறது. 2015இல் நெய்வேலி 48, தாம்பரம் 49. 2023 டிசம்பரில் காயல்பட்டினம் 95. 2024இல் புதுச்சேரி, மயிலம், ஊத்தங்கரை மூன்றும் அரை மீட்டரை ஒட்டி. ஒவ்வொரு ஊர்க்காரரும் 'எங்கள் ஊரில் இது வந்ததே இல்லை' என்கிறார். உண்மைதான். ஒரே புள்ளியில் விழுவது அபூர்வம். இந்தக் கரை நெடுக எங்காவது விழுவது அபூர்வமே இல்லை. இன்னும் அம்பது கிலோமீட்டர் வடக்கே நின்றிருந்தால் ஃபெஞ்சலின் மழை வேறு யாரோ ஒருவரின் கூடத்தில் நின்றிருக்கும். அவரும் இங்கே வந்து இதையே கேட்டிருப்பார்.

என் கருத்து: 3 அடி போதாது. உங்கள் பென்சில் கோடே 2 அடி 10. இரண்டு அங்குலத்தை நம்பி லட்சக்கணக்கில் போடாதீர்கள். ரோடும் இன்னும் ஏறும். 4 அடி.

#17 முந்திரித்தோப்பு (பண்ருட்டி)

நானும் 4 அடி என்றே சொல்வேன். காரணம் எனக்கு ரோடு, அவருக்குக் கடல்.

#18 உப்பங்காற்று (தேவனாம்பட்டினம்)

சம்ப் (தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி) மூடியையும் சேர்த்து உயர்த்தச் சொல்லுங்கள். வெள்ளம் வடிந்த பிறகு எங்களைப் படுத்தியது அதுதான். சாக்கடைத் தண்ணீர் உள்ளே இறங்கி, ஒரு வாரம் குடிக்கத் தண்ணீர் இல்லை.

#19 ரெயின்போ_நகர்_பள்ளம் (புதுச்சேரி)

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஜாக்கிக்காரருக்கு 4 அடிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். சம்ப் மூடியும் எழுதிக்கொண்டார். மச்சான் பதிவு முழுவதையும் படித்துவிட்டு, பேருந்து உதாரணம் மட்டும் பிடிக்கவில்லை என்றான்.

வேலைக்கு அளவெடுக்கும்போது பக்கத்து வீட்டுப் பெரியவர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பென்ஷன் மட்டும்தான், மேல்மாடியும் கிடையாது. "நீங்க தூக்கிட்டா உங்க வாசல்ல நிக்கிற தண்ணி எங்க போகும் தம்பி?" என்று கேட்டார். மழைமானி தம்பி, பள்ளத்தில் ஒரு வீட்டை மட்டும் தூக்கினால் பக்கத்து வீட்டுக் கோடு எவ்வளவு ஏறும், அதற்கும் ஒரு கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா?